படுக்கையில் இருப்பவருக்குப் போன் வழியே டாக்டர்: தோட்டத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அம்மா பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து, ஆஸ்பத்திரி இருக்கும் ஈப்போ ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்படி, தோட்டத்துச் செம்மண் பாதை, வேன் பிடிப்பது, சக்கர நாற்காலியை மடக்கி ஏற்றுவது, நம்பர் எடுத்துக் காத்திருப்பது என்று ஒரு முழு நாள் போய்விடும். ஒரு தடவை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் அறைக்குள் போனோம். "ரிசல்ட் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பும் வழியில் வேனிலேயே அம்மாவின் சேலை நனைந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரு போன் அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. அன்றைக்குப் பிறகுதான் கவுண்டரில் வாய் திறந்து கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க, டெலிஹெல்த் என்று போன் வழியே டாக்டரைப் பார்க்கும் வழிகள் இருப்பது தெரிந்தது. இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, நோயாளியைப் பார்த்துக்கொண்ட மகள்.

டெலிஹெல்த் என்றால் வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதா?

வீடியோ அதில் ஒரு பகுதிதான். சாதாரண போன் அழைப்பில் டாக்டரோ மிஸ்ஸியோ, அதாவது நர்ஸோ, பேசுவதும், வீட்டில் எடுத்த ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (சர்க்கரை) கணக்கை அனுப்புவதும், புண்ணைப் படம் பிடித்து அனுப்புவதும், ஆஸ்பத்திரிக்குப் போகாமலே மருந்து கைக்கு வருவதும் இதில் சேரும். எங்கள் வீட்டில் அதிகம் உதவியது வீடியோ இல்லை, போன்தான். பத்து நிமிஷப் பேச்சில் மாத்திரை அளவு மாறும், ஒரு வேன் செலவு மிச்சமாகும்.

இது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. டெலிமெடிசின் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் 1997லேயே நிறைவேற்றியது. ஆனால் அது அமலுக்கு வராமலே கிடந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லோரும் வீட்டோடு அடைந்தபோதுதான் கிளினிக்குகள் போனைக் கையில் எடுத்தன. அப்போது பழகிய பழக்கத்தைத்தான் படுக்கையில் இருப்பவர்களுக்காக இப்போது நாம் விடாமல் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு நோயாளிக்கு இது ஒத்துவருமா?

டாக்டருக்கு ஏற்கெனவே தெரிந்த நோயாளி, நோய் என்னவென்று உறுதியாகிவிட்டது, இப்போது மருந்தைப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும் என்றால் நன்றாக ஒத்துவரும். பக்கவாதம், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, இருதயம் பலவீனமாகிக் கால் வீங்குவது, பார்கின்சன், புற்றுநோயில் வலிக்கு மருந்து சாப்பிடுவது, எல்லாமே இதில் அடங்கும். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் பாதிப் பேச்சைப் போனில் முடிக்கலாம்.

புதிதாக ஒரு கட்டி, புதிய வலி, காரணம் தெரியாமல் உடம்பு இளைப்பது என்றால் போன் போதாது. டாக்டர் கை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ரத்தச் சோதனை, ஸ்கேன், இயந்திரத்தில் வாரம் மூன்று தடவை செய்யும் டயாலிசிஸ், இவற்றுக்கும் போய்த்தான் தீர வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை போவதை நாலாகக் குறைக்க முடிந்தாலே பெரிய காரியம். பன்னிரண்டையும் நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் எப்படிக் கேட்பது? அவர்களாகவே சொல்வதில்லையே?

சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சில கிளினிக் கெசிஹாத்தானிலும் (அரசாங்க சுகாதார கிளினிக்) சில நிபுணர் கிளினிக்கிலும் வீடியோ வழி பார்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். சில இடங்களில் போன் மட்டும்தான். சில இடங்களில் இரண்டும் இல்லை. மைசெஜாத்ரா என்ற அரசாங்க சுகாதார ஆப்பில் கிளினிக்கிற்குத் தேதி போடலாம், ஆனால் "அம்மாவால் எழுந்து வர முடியாது" என்று விளக்குவதற்கு அதில் இடமில்லை. அதை வாயால் சொன்னால்தான் நடக்கும்.

கேட்கிற இடமும் முக்கியம். கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் கேட்டால் "தாக் அடா" (இல்லை) என்று முடிந்துவிடும். டாக்டர் அறைக்குள் இருக்கும்போது, அவர் அடுத்த தேதியை எழுதும் அந்த நேரத்தில் கேளுங்கள். நான் இப்படித்தான் கேட்டேன்: "டாக்டர், அம்மாவைத் தூக்கி வர மூன்று பேர் வேண்டும். அடுத்த தடவை மருந்து மட்டும்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் நீங்கள் போனில் கூப்பிடலாமா? ரத்தக் கொதிப்புக் கணக்கை நான் தினமும் எழுதி வைக்கிறேன்." கணக்கு எழுதி வைப்பதாகச் சொன்னதும் டாக்டரின் முகமே மாறியது. நோயாளி பக்கத்தில் பொறுப்பான ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர்களுக்கும் துணிச்சல் வருகிறது. சரி என்று சொன்னால், அதை நோயாளியின் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஃபைல்தான் நிற்கும். உங்கள் போன் நம்பர் ஃபைலில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். செத்துப்போன நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டு "யாரும் எடுக்கவில்லை" என்று குறித்து வைத்த கதை எனக்குத் தெரியும்.

சிலருக்கு வீட்டுக்கே மிஸ்ஸி வருகிறார்களாமே?

ஆமாம். பெராவாத்தான் டொமிசிலியாரி என்று அதற்குப் பெயர். பக்கவாதம் மாதிரி நோய் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட, படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கை கால் அசைக்கச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் செய்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சிபாரிசுக் கடிதம் வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே வார்டில் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கடிதத்துக்கு அலைவது பெரும்பாடு.

தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரெஸரும் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் இதெல்லாம் கேட்க வேண்டியே இருந்ததில்லை. சைக்கிளில் பெட்டியோடு லயத்துக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, மருந்து கொடுத்துவிட்டுப் போவார். இன்றைக்குப் பல தோட்டங்களில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. டிரெஸர் இன்னும் இருக்கும் தோட்டமாக இருந்தால், டாக்டரோடு வீடியோ பேசும் நேரத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். நாம் காட்டும் வீடியோவைவிட, பழகிய கை தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தை டாக்டருக்கு உதவும்.

மாதா மாதம் மருந்து வாங்க ஈப்போ போக வேண்டியிருக்கிறதே?

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. எஸ்.பி.யு.பி. என்று ஒரு முறை இருக்கிறது. ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தின் அடுத்தடுத்த மாதப் பங்கை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்ளலாம். முதல் மாத மருந்தை வாங்கும்போதே பார்மசி கவுண்டரில் "எஸ்.பி.யு.பி. சுங்கை சிப்புட்" என்று சொன்னால் ஏற்பாடு செய்து தருவார்கள். நோயாளியே வர வேண்டியதில்லை, வீட்டு ஆள் சீட்டோடு போனால் போதும்.

தபாலில் மருந்து அனுப்பும் சேவையும் உண்டு, உபாட் மெலாலுய் போஸ் என்பார்கள். தபால் செலவு நம்முடையது. இன்சுலின் மாதிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தும், கட்டுப்பாட்டில் உள்ள மருந்தும் இதில் வராது. லயத்து முகவரிக்குப் பார்சல் ஒழுங்காக வந்து சேராத தோட்டங்களும் இருக்கின்றன. அப்படி என்றால் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் லைனே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயங்களில் இது பெரிய தொல்லைதான். முதலில் போனைப் பாருங்கள். 2021 கடைசியோடு 3ஜி நிறுத்தப்பட்டுவிட்டது. தாத்தா காலத்துப் போன் பேசுவதற்கு மட்டும் உதவும், வீடியோ வராது. 4ஜி போன் வேண்டும், அதில் 4ஜி வாய்ஸ் வசதியும் இருந்தால் நல்லது.

அடுத்து, வீட்டில் எந்த இடத்தில் லைன் எடுக்கிறது என்று முந்தின நாளே நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் பின்வாசல் ஜன்னல் ஓரம் மட்டும்தான் மூன்று கோடு வரும். அம்மாவின் கட்டிலை அந்தப் பக்கமே நகர்த்திவிட்டோம். வெயில் முகத்தில் அடிக்காமல் ஒரு பழைய கைலியைத் தொங்கவிட்டோம். இரண்டு சிம் கம்பெனியில் ஒன்று நன்றாக எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் போனை ஐந்து நிமிஷம் வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடியோ அறுந்து அறுந்து வந்தால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலோடு மட்டும் பேசுங்கள், புண் படத்தை முன்னாடியே அனுப்பி வையுங்கள். டாக்டருக்குத் தெளிவான ஒரு படம், ஓடாத வீடியோவைவிட மேல்.

எதுவுமே எடுக்காவிட்டால், டவுனிலோ பக்கத்திலோ நாடி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முன்பு பெடி என்று இருந்த இணைய மையங்கள்தான் அவை. அங்கே நோயாளி போக வேண்டியதில்லை. மகனோ மகளோ போய் அங்கிருந்து கணக்கையும் படத்தையும் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசலாமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். லைன் இல்லை என்று தகவல் தொடர்பு ஆணையத்திடம், அதாவது எம்.சி.எம்.சி.யிடம், புகார் கொடுங்கள். ஒரு வீடு கொடுப்பதைவிட லயத்துக்கே சேர்த்துப் பத்து வீடு கொடுங்கள். தோட்டம் தனியார் நிலம், கோபுரம் வைக்க நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். அதனால் தோட்ட ஆபீசுக்கும் ஒரு கடிதம் போகட்டும்.

அம்மாவுக்கு மலாய் சரியாக வராது. போனில் எப்படிப் பேசுவார்?

எனக்குக் கேட்டால், லைன் பிரச்சனையைவிட இதுதான் பெரிது. நேரில் போனால் கையைக் காட்டி, முகத்தைச் சுளித்து எப்படியோ புரியவைத்துவிடுவார்கள். போனில் வார்த்தை மட்டும்தான் இருக்கும்.

பக்கத்து லயத்து அத்தை ஒருவருக்கு இனிப்பு நீர், கால் நடக்க முடியாது. இரவெல்லாம் "திகுதிகுன்னு எரியுது, ஊசி ஊசியாக் குத்துது" என்று புலம்புவார். மகன் போனில் டாக்டரிடம் "சாக்கிட் காக்கி" (கால் வலி) என்று மட்டும் சொன்னான். சாதாரண வலி மாத்திரை வந்தது, மாதக்கணக்கில் அதையே போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அழைப்பில் நான் கூட உட்கார்ந்து "ராசா தெர்பாக்கார், மென்சுச்சுக், மாலாம் லெபே தெருக்" (எரிகிற மாதிரி இருக்கிறது, குத்துகிறது, இரவில் இன்னும் மோசம்) என்று சொன்னேன். டாக்டர் உடனே, பாதத்தில் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். இனிப்பு நீரால் நரம்பு கெட்டு வரும் வலி அது, அதற்கு மருந்தே வேறு. மருந்து மாறியது, ஒரு மாதத்துக்குள் அத்தை இரவில் தூங்க ஆரம்பித்தார்.

நம் பாஷையில் வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கிறது பாருங்கள். குத்துது, எரியுது, கடுக்குது, உளையுது, இழுக்குது, விண்விண்ணென்று தெறிக்குது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒவ்வொரு வழியைக் காட்டும். எல்லாவற்றையும் "சாக்கிட்" என்ற ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள். உளைச்சலுக்கு "லெங்கு" அல்லது "செங்கால்" என்று சொல்லலாம், மரத்துப்போவதற்கு "கெபாஸ்". தலை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மலாயில் "பெனிங்" என்றால் தலைவலியாகவும் இருக்கும், தலைசுற்றலாகவும் இருக்கும். தலை சுற்றி விழப்போகிற மாதிரி இருந்தால் "பீத்தாம், மாச்சாம் நாக் ஜாத்தோ" என்று பிரித்துச் சொல்லுங்கள். மயங்கியே விழுந்திருந்தால் "பெங்சான்". நோயாளி தமிழில் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு மொழிபெயர்க்க உட்காருங்கள். தமிழ் தெரிந்த டாக்டரோ மிஸ்ஸியோ இருக்கிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை. நிறைய இடங்களில் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். படிக்கிற பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பதினாலு வயசுப் பேத்தி, பாட்டிக்கு இனி குணமாகாது என்று டாக்டர் சொல்வதைக் கேட்டு, அதைப் பாட்டியிடமே தமிழில் சொல்ல வேண்டிய நிலை வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் சமாச்சாரம் பேச வேண்டி இருந்தால் மகன் அறையை விட்டு வெளியே போகட்டும், மருமகளோ அக்காவோ உட்காரட்டும். பாட்டி வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டருக்குப் பாதிதான் தெரியும்.

டாக்டர் கூப்பிடுவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், எடை பார்க்க முடிந்தால் எடை. மாத்திரைகளை எல்லாம் ஒரு தட்டில் அட்டையோடு கொட்டி வையுங்கள். கடையில் வாங்கிய மூலிகைப் பவுடர், ஜாமு, சொந்தக்காரர் கொடுத்த மாத்திரை, அதையும் அதே தட்டில் வையுங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

ரத்தக் கொதிப்பு பார்க்கும்போது ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும், பேசக்கூடாது. கை இருதயத்தின் உயரத்துக்கு வர வேண்டும், படுத்திருப்பவர் என்றால் கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். பக்கவாதம் வந்த கையை விட்டு நல்ல கையில் கட்டுங்கள், எப்போதும் அதே கையில். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கையில் ஒருபோதும் கட்டக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் தடவை எடுத்து, இரண்டையும் எழுதுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கோவிட் காலத்தில் பல வீடுகளுக்கு வந்தது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அந்தக் கருவி உண்மையான அளவைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்று ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எண் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் எண்ணை நம்பாதீர்கள், ஆளைப் பாருங்கள்.

புண்ணைப் படம் பிடிப்பது தனிக் கலை. முதுகுக்குக் கீழே, குதிகாலில், இடுப்பு எலும்பில் வரும் படுக்கைப் புண்ணை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். ஜன்னல் கதவைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முதலில் சுற்றியுள்ள தோலும் தெரிகிற மாதிரி ஓர் எட்டு தள்ளி ஒரு படம், அப்புறம் கிட்டே ஒரு படம். புண்ணுக்குப் பக்கத்தில், தொடாமல், ஒரு இருபது காசு நாணயம் வையுங்கள். போன வாரம் நாணயத்தைவிடச் சின்னதாக இருந்தது, இந்த வாரம் பெரிதாகிவிட்டது என்று டாக்டரே பார்த்துக்கொள்வார். வாடை வருகிறதா, நீர் எந்த நிறம், இதைப் படம் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தீர்களா என்று டாக்டர் கேட்பார். இரவில் தூங்கிப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்போது போனை எதிர்பார்க்காமல் 999 கூப்பிட வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை திடீரென்று விழுவது, பேச்சு குழறுவது. பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதிலும் தோட்டத்துப் பாதையே பாதி நேரத்தைத் தின்றுவிடும். நெஞ்சு அழுத்துவது, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், எழுப்பினால் எழாதது, வலிப்பு. புற்றுநோய்க்குக் கீமோ போட்டுக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் கிளம்புங்கள்.

இனிப்பு நீர் அளவு 4க்கு (mmol/L) கீழே போய், ஆள் நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷத்தில் திரும்பப் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அதே நாளில் கிளினிக்கைக் கூப்பிட வேண்டிய விஷயமும் உண்டு. இருதய நோயாளிக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். அடுத்த தேதிவரை காத்திருக்கக்கூடாது.

செலவு எவ்வளவு ஆகும்? உதவிப் பணம் கிடைக்குமா?

குடிமக்களுக்கு கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி (ரிங்கிட்), அரசாங்க நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. நம் செலவு டாக்டருக்கு இல்லை, வேனுக்கும் ஒரு நாள் சம்பளத்துக்கும்தான். மாதம் ஒரு ஜிபி டேட்டா ஒதுக்கினால் இந்த அழைப்புகளுக்குப் போதும்.

படுக்கையில் இருக்கும் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அல்லது நாள்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் கெபாஜிக்கான் (சமூக நல) ஆபீசில் மாதம் 500 வெள்ளி உதவி உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், டாக்டர் நிரப்ப வேண்டிய பாரம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாரத்தை டாக்டரைப் பார்க்கப் போகும் நாளிலேயே கையோடு கொண்டுபோங்கள். ஓ.கே.யு. கார்டும் அங்கேதான் பதிய வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும்போது நோய்வாய்ப்பட்டவர் என்றால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விசாரியுங்கள், இயலாமை பென்ஷனுக்குத் தகுதி இருக்கலாம்.

நாற்பது வயசைத் தாண்டி, எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க உதவிப் பணம் வாங்கும் குடும்பத்தில் இருப்பவருக்குப் பெக்கா பி40 என்ற சுகாதார உதவித் திட்டம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளியும், போக்குவரத்துச் செலவுக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் அதில் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கும், அங்கே போய்க் கேளுங்கள். கேட்பது பிச்சை இல்லை. நம் வியர்வையும் இந்த நாட்டுப் பணத்தில் இருக்கிறது.

தனியார் ஆப்களை நம்பலாமா?

டாக்டர்ஆன்கால், டாக்டுஅஸ் மாதிரி ஆப்கள் இருக்கின்றன. காய்ச்சல், தோல் அரிப்பு, ரிசல்ட் தாளைப் படித்து விளக்கம் கேட்பது, இதற்கெல்லாம் உதவும். நீண்ட நாள் நோயாளிக்கு அவரது ஃபைல் இருக்கும் டாக்டர்தான் சரி. ஆப்பில் பேசும் டாக்டர் புதிய மருந்து எழுதினால், கிளினிக் மருந்தோடு மோதுமா என்று பார்மசியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

டாக்டர் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம், பதிவு இல்லாதவர் டாக்டரே இல்லை. "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம்" என்று சொல்லி பேங்க் நம்பரோ ஓ.டி.பி.யோ கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். எந்தக் கிளினிக்கும் அதைக் கேட்காது. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் மோசடிப் புகார் மையத்தின் 997ஐக் கூப்பிடுங்கள்.

புண் படம் எல்லாம் வாட்சாப்பில் போகிறதே, வெளியே போகாதா?

பயப்படுவது நியாயம்தான். கிளினிக் கொடுத்த நம்பருக்கு மட்டும் அனுப்புங்கள், குடும்பக் குரூப்பில் போடவே போடாதீர்கள். முகம் தெரிய வேண்டியதில்லை, துணியால் மூட முடிந்த இடத்தை மூடிவிட்டு எடுங்கள். எடுப்பதற்கு முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பேச முடியாதவராக இருந்தாலும்.

நாள் முழுக்க நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் டாக்டர் உண்டா?

உண்டு, நீங்களும் கேட்கலாம். டாக்டர் கூப்பிடும்போது கடைசி இரண்டு நிமிஷம் உங்களுக்காக ஒதுக்கி, "எனக்குத் தூக்கமில்லை, முதுகு வலிக்கிறது" என்று சொல்லுங்கள். பலர் சொல்வதே இல்லை. மனசு ரொம்பக் கனத்துப்போனால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555ஐக் கூப்பிடலாம். நான் ஒரு தடவை கூப்பிட்டேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டேதான் பேசினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

குணமாகாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசிவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். அதற்குப் பாலியேட்டிவ் சிகிச்சை என்று பெயர். நோயை விரட்டப் போராடுவதை விட்டு, வலியையும் மூச்சுத் திணறலையும் பயத்தையும் குறைப்பது. 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கையே இதற்காக அரசாங்கம் போட்டிருக்கிறது. ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கிறது, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹாஸ்பிஸ் மலேசியா 1991லிருந்து வீடு வீடாகப் போகிறது. உங்கள் தோட்டம்வரை வருவார்களா என்று கேளுங்கள். தூரம் என்றால் போன் வழியாவது வழிகாட்ட முடியுமா என்று கேளுங்கள். டெலிஹெல்த் தன் முழு மதிப்பையும் காட்டுவது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அம்மா முனகும்போது, எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த தாளும், காலையில் கூப்பிட ஒரு நம்பரும் இருந்தால், ஆம்புலன்சில் குலுங்கிக்கொண்டு போய் வார்டில் படுக்க வைக்க வேண்டிய தேவை பாதி இல்லாமல் போகும்.

மார்ஃபின் பெயரைக் கேட்டதும் நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். "கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்", "பழக்கமாகிவிடும்" என்பார்கள். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுத்தால் அப்படி ஆகாது. மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். இது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, பார்சலில் வராது. வீட்டு ஆள் சீட்டோடு போய்த்தான் வாங்க வேண்டும். தீர்வதற்கு நாலு நாள் முன்பே போய்விடுங்கள்.

எங்கள் அம்மாவின் கடைசி வாரத்தில் டாக்டர் வீடியோவில் அவரைப் பார்த்தார். அம்மா சாப்பிட மறுக்கிறாரே என்று நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். டாக்டர் சொன்னார்: "அக்கா, பசியால் அவர் போகவில்லை. உடம்பு போகிறதால்தான் பசி நின்றிருக்கிறது. கட்டாயப்படுத்தினால் புரையேறும். பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரமாக்குங்கள்." கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அந்த வாரம் முழுக்கப் பஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான். ஈப்போ போயிருந்தால் மூக்கில் குழாய் வைத்திருப்பார்கள், நானும் சரி என்றிருப்பேன்.

யாருக்கு எப்போது போன் செய்வது, உயிர் போன பிறகு சான்றிதழுக்கு யாரைப் பார்ப்பது என்பதை எல்லாம் ஆள் இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது அபசகுனம் இல்லை.

எங்கள் வீட்டில் நோயாளி இல்லை. பக்கத்து வீட்டுக்கு எப்படி உதவுவது?

டாக்டர் கூப்பிடும் நாள் எது என்று கேட்டு, அரை மணி நேரம் போய்ப் போனைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் நோயாளியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் படம் காட்டுவது ஒருவரால் ஆகாத காரியம். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் ரத்தக் கொதிப்பு இயந்திரத்தை, புது பேட்டரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். மோட்டாரில் டவுனுக்குப் போகும்போது, "அக்கா, உங்கள் எஸ்.பி.யு.பி. மருந்துச் சீட்டு இருந்தால் கொடுங்கள், நான் வாங்கி வருகிறேன்" என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள்.